மூலைக் கட்டமும் முன்வினையும்

முன் செய்த வினையின் பயன் உரிய காலத்தில் வந்து சேரும் முறைமையை ஊழ் என்றும், அவ்வாறு வந்ததை வைத்துக்கொண்டு மேற்கொண்டு உழைப்பதை ஆள்வினை என்றும் தமிழ் மரபு வழங்கும். திருக்குறள் இவ்விரண்டுக்கும் தனித்தனி அதிகாரம் வகுத்திருப்பதால், எது வலியது என்னும் வழக்கு உரையாசிரியர் காலந்தொட்டு ஓயாமல் நடந்துவருகிறது. கைபேசியின் தொடுதிரையில் ஆடப்படும் ஓர் எண் புதிரை முன்வைத்தும் அவ்வழக்கைத் தொடரலாம்.

அதற்கு முன் பழைய ஆட்டம் ஒன்றைப் பார்க்கலாம். மூத்தோர் நன்கறிந்த பரமபத சோபான படம், வைகுண்ட ஏகாதசி இரவில் கண்விழிப்பதற்காக வைணவ இல்லங்களில் ஆடப்படுவது. அதில் ஏணி நல்வினையையும் பாம்பு தீவினையையும் குறித்தாலும், காயை நகர்த்துவது தாயக்கட்டையே அன்றி ஆடுபவரின் விருப்பம் அன்று. அறத்தின் பெயர் உண்டு. அறத்தைத் தேர்ந்துகொள்ள இடமில்லை.

இத்தாலியரான காப்ரியேலே சிருல்லி தம் 19ஆம் வயதில், 2014 மார்ச்சில் வெளியிட்ட 2048 என்னும் புதிர் இதற்கு நேர்மாறானது. பதினாறு கட்டங்களில் உள்ள எண்களை நான்கு திசைகளில் ஒன்றில் தள்ளினால், ஒத்த எண்கள் இணைந்து இருமடங்காகும். உடனே காலியிடம் ஒன்றில் புதிய எண் தோன்றும். அது பத்தில் ஒன்பது பங்கு 2 ஆகவும் ஒரு பங்கு 4 ஆகவும் இருக்கும். திசை ஆடுபவருடையது, தோன்றும் எண் அவருடையது அன்று. கீழ் மூலையில் 512ஐ அரும்பாடுபட்டுக் காத்துவரும் ஒருவர், வேறு வழியின்றி ஒருமுறை மேல்நோக்கித் தள்ள, காலியான அம்மூலையில் ஒரு சிறு 2 வந்து அமர்ந்துவிடக்கூடும். அந்த நெருக்கடிக்குப் பெரும்பாலும் பத்து நகர்வுகளுக்கு முன் காட்டிய அவசரமே காரணம். சைவ சித்தாந்தம் நுகர்ச்சிக்கு வந்துவிட்ட வினையைப் பிராரத்தம் என்றும், அதை நுகரும்போதே புதிதாக ஈட்டப்படுவதை ஆகாமியம் என்றும் பிரித்துக் காட்டுவதை இவ்வளவு கண்கூடாக உணர்த்தும் விளையாட்டு அரிது. இதன் பெருஞ்சிறப்பு இதுவே.

குறைகளும் சிறியன அல்ல. வினை சடப்பொருள் ஆதலால், செய்தவனை அறிந்து பயனைக் கூட்டிவைக்கப் பதியாகிய இறைவன் வேண்டும் என்பது சித்தாந்தத்தின் துணிபு. இங்கோ எண்ணைக் கூட்டிவைக்கும் நிரல் ஆடுபவரின் தகுதியை அறியாது. அதன் கொடை வெறும் தற்செயல். மேலும், இணையும் எண்களுக்குப் பசியோ வலியோ இல்லாமையால், தவறான நகர்வு எவரையும் புண்படுத்துவதில்லை. பரமபதத்தில் தேர்வின்றி அறம் இருந்தது. இங்கே அறமின்றித் தேர்வு இருக்கிறது.

இவற்றினும் பெரிய குறை பின்னர் வந்தது. முதல் வடிவத்தில் செய்த நகர்வை மீட்க வழியில்லை. பிற்காலப் படிகள் பலவற்றில் ஒரு பொத்தானை அழுத்தியோ விளம்பரம் ஒன்றைப் பார்த்தோ அதை அழித்துவிடலாம். கழுவாய் என்பதுகூடச் செய்த வினையைச் செய்யாததாக ஆக்குவதன்று, அதற்கு ஈடாக வேறொன்றைச் செய்வதே. ஆகவே அப்பொத்தான் புதிரின் உயிரையே வாங்கிவிடுகிறது. பிள்ளைகளின் கையில் இவ்விளையாட்டைக் கொடுக்கும் பெற்றோர், அப்பொத்தான் இல்லாத படியையே தேர்ந்து கொடுக்க வேண்டும்.