போடாத கையெழுத்து

கொலைப் படங்களை ஒதுக்குகிறவர்களுக்கு 1980இல் வந்த 'பிராம் நைட்' என்ற கனடியப் படத்தைச் சொல்வேன். நான்கு சிறுவர்கள் விளையாட்டாக மிரட்டியதில் ராபின் என்ற சிறுமி ஜன்னலிலிருந்து விழுந்து சாகிறாள். வெளியே சொல்வதில்லையென்று நால்வரும் சத்தியம் செய்துகொள்கிறார்கள். பழி வேறொருவன்மேல் விழுகிறது. ஆறு வருஷம் கழித்துக் கொலைகள்.

கொலைகளல்ல எனக்கு முக்கியம். நால்வரில் ஒருவனான நிக், செத்தவளின் அக்கா கிம்மையே காதலிக்கிறான். அவள் துக்கத்தின் பக்கத்திலிருந்தும் வாய்திறப்பதில்லை. கடைசியில் அவனைக் காப்பாற்ற அவள் கோடரியை ஓங்குகிறாள். முகமூடிக்குள் இருப்பது அவள் தம்பி.

குற்றம் ஒரு கணத்தில் நடந்தது. மௌனம் தினமும் புதிதாகச் செய்யப்பட்டது. துரோகம் என்று நான் இதைத்தான் சொல்வேன். நான் வேலைபார்க்கும் வங்கியில், கடன் வாங்கியவன் கட்டாவிட்டால் ஜாமீன் போட்டவன் கட்டவேண்டும். கிம் கையெழுத்தே போடவில்லை.