"ஒன்றுமில்லை" என்று அனுப்பப்பட்டவர்களுக்கு



இராத்திரி படுத்தால் உள்ளங்கால் இரண்டும் தணலில் வைத்ததுபோல் எரிகிறது. குளிர்ந்த நீரில் காலை வைத்தால் சற்றே ஆறும்; மறுபடி எரியும். வைத்தியர் பார்க்கிறார்; புண்ணில்லை, வீக்கமில்லை. "உங்களுக்கு ஒன்றுமில்லை அம்மா, வயதாகிவிட்டது" என்று அனுப்பிவிடுகிறார். "டாக்டரே ஒன்றுமில்லை என்கிறாரே" என்று வீட்டாரும் சொல்லிவிடுகிறார்கள். அன்று முதல் அந்தத் தாய்க்கு நோவு இரண்டு: காலில் உள்ளது ஒன்று, சொன்னால் நம்புவாரில்லை என்பது மற்றொன்று.

ஒருவருக்குக் கால் எரிச்சல். வேறொருவருக்கு ஓயாத களைப்பு. இன்னொருவருக்குக் காதில் நிற்காத இரைச்சல். இவர்களுக்கும், இவர்களோடு ஒரே கூரையின்கீழ் வாழ்கிறவர்களுக்குமே இவ்வாரம் எழுதுகிறோம்.

சுவிசேஷத்தில் வரும் பெரும்பாடுள்ள ஸ்திரீயை நினைத்துக்கொள்ளுங்கள். 12 வருஷம் வருந்தினாள். வைத்தியர் பலரிடம் போய்க் கைப்பொருளையெல்லாம் செலவழித்தும் அவள் நிலைமை முன்னிலும் கேடானதென்று அர்ச். மாற்கு எழுதுகிறார். அர்ச். லூக்காஸோ தாமே வைத்தியர்; அர்ச். சின்னப்பர் கொலோசியருக்கு எழுதின நிருபத்தில் அவரை அப்படியே குறிக்கிறார். அந்த வைத்தியரும், ஒருவராலும் அவளைக் குணமாக்கக் கூடவில்லையென்று ஒளிக்காமல் ஒத்துக்கொள்கிறார். அவளுக்கு வியாதியில்லை என்று அவர் எழுதவில்லை. "எனக்குத் தெரியவில்லை" என்பது வேறு. "அங்கே ஒன்றுமில்லை" என்பது வேறு. முன்னது தாழ்ச்சி, பின்னது பலமுறை அவசரத் தீர்ப்பு.

நமது ஆண்டவர் அன்று எங்கே போய்க்கொண்டிருந்தார்? ஜாயிர் என்பவனுடைய 12 வயது மகள் சாகுந்தறுவாயில் கிடந்தாள், அவளிடம் போய்க்கொண்டிருந்தார். ஒவ்வொரு நிமிஷமும் அருமையானது. வழியிலே இந்த ஸ்திரீ அவருடைய வஸ்திரத்தைத் தொட்டாள், தொட்டவுடனே குணமடைந்தாள். ஆண்டவர் நடந்துகொண்டே போயிருக்கலாமே! போகவில்லை. நின்றார்; தம்மைத் தொட்டது யாரென்று கேட்டார். மோயீசன் சட்டப்படி தீட்டுள்ளவளென்று ஒதுங்கி வாழ்ந்தவள் நடுங்கிக்கொண்டே வந்து, உண்மை முழுவதையும் சொன்னாள். சொல்லி முடிக்கும்வரை கேட்டார். மகளே என்று அழைத்தார். அவள் உடம்புக்கு ஒரு தொடுதல் போதுமாயிருந்தது. அவள் மனதுக்கோ, நின்று கேட்கிற ஒருவர் வேண்டியிருந்தது.

ஆகையால், நோவை அனுபவிக்கிறவர்களே, வெட்கப்படாமல் சொல்லுங்கள். பொறுமை புண்ணியந்தான், ஆனால் வாய் திறவாமலிருப்பது மாத்திரம் பொறுமையல்ல. நோவு எப்போது வருகிறது, எதனால் கூடுகிறது, என்னென்ன மருந்து சாப்பிடுகிறீர்கள் என்பதை ஒரு சிறு நோட்டில் எழுதி, பழைய சோதனைக் காகிதங்களோடு கொண்டுபோங்கள். ஒரு வைத்தியர் கேளாவிட்டால் வேறொருவரிடம் போங்கள். ஓர் உதாரணம்: நீரிழிவுக்காக மெட்பார்மின் மாத்திரையை வருஷக்கணக்காய்ச் சாப்பிடுகிறவர்களுக்கு உடம்பில் பி 12 என்ற வைட்டமின் குறைந்துபோகக்கூடும். அதனாலும் கால் எரியும், மரத்துப்போகும். தனியாக ஓர் இரத்தப் பரிசோதனை செய்தால் தெரியும். எல்லாக் கால் எரிச்சலுக்கும் அதுவே காரணமென்று சொல்லவில்லை. கேட்காத கேள்விக்குப் பதில் வராது என்கிறோம். மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். செய்வினை என்று சொல்லி மந்திரவாதியிடமும் தாயத்துக்கும் ஓடாதீர்கள். வைத்தியரையும் சர்வேசுரனே ஏற்படுத்தினார் என்று சீராக் ஆகமம் 38-ம் அதிகாரம் போதிக்கிறது; வியாதியில் ஜெபிக்கவும் அதுவே சொல்லுகிறது. இரண்டையும் கைவிடாதீர்கள்.

வீட்டாரே, உங்களுக்கும் ஒரு வார்த்தை. போலந்து தேசத்து அர்ச். பவுஸ்தீனம்மாள் கன்னியர் மடத்தில் நோயாய்க் கிடந்தபோது, உடன் சகோதரிகளில் சிலர் வேலைக்குச் சோம்பிப் பாசாங்கு செய்கிறாளென்று எண்ணினார்கள். அது காசநோய். 1938-ல், 33-ம் வயதில் மரித்தார். 2000-ல் திருச்சபை அவரைப் பீடத்துக்கு உயர்த்திற்று. பாசாங்கு என்று எண்ணினவர்கள் எல்லாரும் கெட்டவர்களல்ல, நல்ல கன்னியாஸ்திரீகளே. நாமும் நல்லவர்களாயிருந்துகொண்டே இந்தப் பாவத்தைச் செய்யக்கூடும்.

எல்லா நோவும் இவ்வுலகில் தீருமென்று நாம் வாக்குக் கொடுக்க முடியாது. அர்ச். சின்னப்பர் மும்முறை மன்றாடியும் அவருடைய முள் எடுபடவில்லை. அதைத் தாங்கும் வரப்பிரசாதமோ கிடைத்தது. நோவை எடுத்துவிட நமக்குச் சக்தியில்லாதிருக்கலாம். நின்று கேட்க எல்லாருக்கும் சக்தியுண்டு. இன்று பூசை முடிந்து வீட்டுக்குப் போனதும், உங்கள் வீட்டு நோயாளியின் அருகில் கால் மணி நேரம் உட்கார்ந்து, "இப்போது எப்படியிருக்கிறது?" என்று கேளுங்கள். பதில் முடியுமட்டும் எழுந்திராதேயுங்கள்.

வேளாங்கண்ணி ஆரோக்கியமாதா நம் நோயாளிகளுக்காக மன்றாடுவாராக. ஆமென்.