விதியென்று விட்டுவிடலாமா?

தற்கொலை ஹராம் என்பதை அறியாத முஸ்லிம் வீடு இல்லை. மக்தபில் ஓதும் பிள்ளைகூட அதைச் சொல்லிவிடும். ஆனால் அந்த ஹராமின் வாசலில் ஒருவர் நிற்கக் கண்டால், காண்பவர் மீது என்ன கடமை என்று கேட்டால் நம்மில் பலர் தடுமாறுகிறோம். ரயில் பாதைகளில் நிகழும் தற்கொலைகளைத் தடுக்க வேலி, கதவு, காவல் என்று பேச்செழும்போதெல்லாம் இரண்டு பதில்கள் காதில் விழுகின்றன. "அஜல் வந்துவிட்டால் யார் தடுக்க முடியும்?" என்பது ஒன்று. "சாகத் துணிந்தவர் இங்கே இல்லாவிட்டால் வேறிடம் தேடுவார்" என்பது மற்றொன்று.

முதல் பதில் மார்க்கத்தின் பெயரால் சொல்லப்படுகிறது. ஷாம் தேசத்தில் கொள்ளைநோய் பரவியிருப்பதைக் கேள்வியுற்ற கலீஃபா உமர் (ரலி) அவர்கள் வழியிலேயே திரும்ப முடிவு செய்தார்கள். அல்லாஹ்வின் விதியை விட்டு ஓடுவதா என்று அபூ உபைதா (ரலி) அவர்கள் வினவ, அவனுடைய ஒரு விதியிலிருந்து இன்னொரு விதியின் பக்கமே செல்கிறோம் என்ற கருத்தில் விடை பகர்ந்தார்கள். மருந்தும் விதி, வேலியும் விதி, கையைப் பிடித்து நிறுத்தும் மனிதரும் விதிதான். நீரில் மூழ்குபவரைக் காப்பாற்றும் சக்தி பெற்றவர், தொழுகையில் நின்றாலும் அதை முறித்துவிட்டு ஓட வேண்டும் என்கின்றன ஃபிக்ஹு நூல்கள். தவறி விழுந்தாரா, தானே விழுந்தாரா என்று விசாரித்துக்கொண்டா நிற்போம்?

இரண்டாவது பதிலுக்கு அனுபவமே மறுப்பு. அமெரிக்காவின் சான்ஃபிரான்சிஸ்கோ நகரத்துக் கோல்டன் கேட் பாலம் ரயில் பாதையன்று. ஆயினும் கேள்வி ஒன்றே. அங்கே 1937 முதல் 1971 வரை தடுத்து நிறுத்தப்பட்ட 515 பேரின் பிற்கால நிலையை ரிச்சர்ட் ஸைடன் என்னும் ஆய்வாளர் விசாரித்து 1978இல் வெளியிட்டார். நூற்றுக்கு 90 பேருக்கு மேல் உயிரோடு இருந்தார்கள், அல்லது இயற்கையாக மரணித்திருந்தார்கள். அந்த எண்ணம் பெரும்பாலும் நிலையான முடிவன்று. வந்து கடந்துபோகும் நெருக்கடி. அது கடக்கும்வரை ஒரு தடை குறுக்கே நின்றால் பல உயிர்கள் தப்புகின்றன.

சென்னை மெட்ரோவின் சுரங்க நிலையங்களில் நடைமேடைக்கும் தண்டவாளத்துக்கும் நடுவே, வண்டி வந்து நின்ற பிறகே திறக்கும் கதவுகள் உள்ளன. எல்லாப் பாதைகளிலும் அப்படிக் கதவு போட இயலாது. அங்கே மனிதர்தாம் கதவாக வேண்டும். பிரிட்டனில் நெட்வொர்க் ரெயில் நிறுவனம், ஸமாரிட்டன்ஸ் என்னும் தொண்டு அமைப்புடன் 2010 முதல் சேர்ந்து ஆயிரக்கணக்கான ரயில்வே ஊழியர்களுக்குப் பயிற்சி அளித்திருக்கிறது. 2017இல் பயணிகளிடமும் ஒரு வேண்டுகோள் வைத்தார்கள்: தனியே கலங்கி நிற்பவரைக் கண்டால் அருகே சென்று சாதாரணமாக ஏதேனும் கேளுங்கள், தயக்கமாக இருந்தால் ஊழியரை அழையுங்கள். "எந்த வண்டிக்குக் காத்திருக்கிறீர்கள்?" என்ற ஒரு கேள்வி போதும், பேச்சு தொடங்கிவிடும். அறிமுகமில்லாதவருக்கும் ஸலாம் சொல்லக் கற்ற சமுதாயத்துக்கு இது கடினமா?

வீட்டுக்கு வருவோம். கடனிலோ, தேர்வுத் தோல்வியிலோ, தீராத நோயிலோ மனமுடைந்தவரிடம் "அது ஹராம்" என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்துவிடுகிறோம். அந்நிஸா அத்தியாயத்தின் 29ஆம் வசனமோ உயிரை மாய்ப்பதைத் தடுத்த கையோடு, அல்லாஹ் நம் மீது இரக்கமுடையவன் என்றும் நினைவூட்டுகிறது. தடையைச் சொல்லி இரக்கத்தை விட்டுவிடுவது பாதி வசனத்தை ஓதுவதாகும். சாகலாம் போலிருக்கிறது என்பவரை ஏசாதீர்கள். உட்கார்ந்து கேளுங்கள், தனியே விடாதீர்கள், மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். அரசின் டெலி மானஸ் ஆலோசனை 14416 என்ற எண்ணில் இரவும் பகலும் இலவசமாகக் கிடைக்கிறது.

ஏற்கனவே ஒருவரை இழந்த குடும்பத்தைக் குத்திப் பேசுவதும் நம் வேலையன்று. நோயின் வேதனை தாளாமல் தம் உயிரை மாய்த்துக்கொண்ட ஒருவருக்காக நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் பாவமன்னிப்புக் கோரி துஆச் செய்ததை ஸஹீஹ் முஸ்லிமில் காண்கிறோம்.

ஓர் உயிரை வாழவைத்தவர் மனித இனம் முழுவதையும் வாழவைத்தவர் போன்றவர் என்பது அருள்மறையின் போதனை. அந்தப் பாக்கியம் ஒரு ரயில் நடைமேடையிலோ, நம் வீட்டுத் திண்ணையிலோ நமக்காகக் காத்திருக்கலாம். அதைத் தவறவிடாத மனத்தை வல்ல அல்லாஹ் நமக்குத் தந்தருள்வானாக! ஆமீன்.