ஒன்றும் வேண்டாதவருக்கு என்ன கொடுப்பது?

"எனக்கு எதற்கு? இருப்பதே போதும்." திருமண நாளோ பிறந்த நாளோ நெருங்குகையில், கணவருக்கு ஏதேனும் வாங்கித் தர விரும்பும் மனைவியர் பலர் கேட்கும் மறுமொழி இது. அம்பாசமுத்திரம் வட்டாரத்தில் இம்மறுமொழியைச் சொல்பவர் பெரும்பாலும் உழைப்பாளியாக இருப்பார். காரும் பிசானமும் பார்க்கும் விவசாயியாகவோ, ஆலையில் பணியாற்றி ஓய்வு பெற்றவராகவோ, சிறு கடை நடத்துபவராகவோ இருப்பார். இரண்டு வேட்டி, ஒரு சைக்கிள், ஒரு கைக்கடிகாரம் என அவருடைய தேவைகள் விரல்விட்டு எண்ணத் தக்கவை. மனைவியோ பீடித் தட்டை மடியில் வைத்து, நாள் முழுதும் இலை வெட்டிச் சுற்றி, கூலியில் சில ரூபாய்களை ஒதுக்கி வைத்திருப்பார். அச்சிறு தொகையை எதில் செலவிடுவது என்னும் கேள்வி கடைத்தெருவில் மட்டும் தீர்ந்துவிடக் கூடியதன்று. "ஒன்றும் வேண்டாம்" என்பது அறமா, அன்பின் முன் அடைக்கப்படும் கதவா என்பதை நாம் முதலில் சிந்திக்க வேண்டும்.

நம் நாட்டில் கணவருக்குக் கொடுத்தல் என்பது நெடுங்காலமாகக் கறைபடிந்த செயலாகவே இருந்து வந்துள்ளது. மணமகனுக்கு மோதிரம், வண்டி, ரொக்கம், தலைத்தீபாவளிக்குப் புத்தாடை, ஆண்டுதோறும் பொங்கல்படி. பெண்ணைப் பெற்றவர் கடன்பட்டுக் கொடுத்த இவை அன்பளிப்பு என்ற பெயரில் வந்த வரிகளே. 1961ஆம் ஆண்டிலேயே வரதட்சணைத் தடைச் சட்டம் இயற்றப்பட்டும் இவ்வழக்கம் முற்றிலும் ஒழிந்துவிடவில்லை. இச்சூழலில் மாமனாரை நோக்கி "எனக்கு ஒன்றும் வேண்டாம்" என்று சொன்ன மணமகன் பாராட்டுக்குரியவர். அவருடைய மறுப்பு ஒரு குடும்பத்தின் சுமையை இறக்கி வைத்தது.

ஆயின் அதே சொல்லை இருபது ஆண்டுகளுக்குப் பின் மனைவியிடம் சொல்கையில் அதன் பொருள் மாறிவிடுகிறது. அங்கே கொடுத்தவர் கட்டாயத்தால் கொடுத்தார். இங்கே கொடுப்பவர் தம் உழைப்பிலிருந்து, தம் விருப்பால் கொடுக்க முன்வருகிறார். முதல் மறுப்பு ஒருவரை விடுவித்தது. இரண்டாவது மறுப்பு ஒருவரைத் திருப்பி அனுப்புகிறது.

நடைமுறை அறிந்த கணவரின் வாதத்திலும் நியாயம் உண்டு என்பதை நாம் மறுக்கலாகாது. பிறர் தேர்ந்து வாங்கும் பொருள் நமக்குப் பொருந்தாமற் போவது இயல்பு. யேல் பல்கலைக்கழகத்தில் அப்போது பொருளியல் கற்பித்த ஜோயல் வால்ட்ஃபோகல், 1993ஆம் ஆண்டு வெளியிட்ட கட்டுரையொன்றில் இதனைக் கணக்கிட்டே காட்டினார். கிறிஸ்துமஸ் பரிசுகளைப் பெற்ற மாணவர்களிடம் அவற்றின் மதிப்பைக் கேட்டார். செலவான பணத்தில் பத்தில் ஒரு பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை வீணாவதாக முடிவு கண்டார். நம் கணவர்கள் இக்கட்டுரையைப் படித்தால் மகிழ்வர்.

ஆயினும் அக்கட்டுரையில் இரண்டு செய்திகள் உள்ளன. உணர்வு சார்ந்த மதிப்பைத் தவிர்த்து விடையளிக்குமாறே மாணவர்கள் கேட்டுக்கொள்ளப்பட்டனர். அதாவது அன்பைக் கழித்த பின்னரே நட்டம் கணக்கிடப்பட்டது. மேலும், தொலைவிலுள்ள உறவினர் தந்த பரிசுகளில் இழப்பு மிகுதியாகவும், நண்பரும் நெருங்கிய துணையும் தந்தவற்றில் குறைவாகவும் இருந்தது. ஒருவரை எவ்வளவு அறிந்திருக்கிறோமோ அவ்வளவு பொருத்தமாகக் கொடுக்கிறோம் என்பதே இதன் பொருள். எனவே நல்ல பரிசுக்கு முதல் தேவை பணமன்று, கவனிப்பே.

இனிப் பெறுபவரின் கடமைக்கு வருவோம். பிரெஞ்சு மானிடவியலாளர் மார்செல் மோஸ் 1925இல் கொடை பற்றி எழுதிய ஆய்வில், பழஞ்சமூகங்களில் மூன்று கடமைகள் இருந்ததைச் சுட்டிக்காட்டினார்: கொடுத்தல், பெற்றுக்கொள்ளுதல், திரும்பச் செய்தல். பெற மறுப்பது உறவையே மறுப்பதாக அங்கே கருதப்பட்டது. எப்போதும் கொடுத்துக்கொண்டே இருந்து எதையும் பெறாதவர், தம்மை அறியாமலே மற்றவரை நிரந்தரக் கடனாளியாக்கி விடுகிறார். எளிமை என்ற ஆடைக்குள் ஒரு சிறு செருக்கும் ஒளிந்திருக்கக்கூடும்.

பெத்தானியாவில் மரியா விலையுயர்ந்த நறுமணத் தைலத்தை இயேசுவின் காலடிகளில் பூசிய நிகழ்ச்சியை நாம் அறிவோம். அதை 300 தெனாரியத்துக்கு விற்று ஏழைகளுக்குக் கொடுத்திருக்கலாமே என்று கணக்குப் பேசினான் யூதாசு. ஒரு தெனாரியம் என்பது ஒரு நாள் கூலி. ஏறத்தாழ ஓராண்டின் உழைப்பு அங்கே வழிந்தோடியது. தலைசாய்க்கவும் இடமில்லாத எளிமையில் வாழ்ந்தவர், தமக்கு வேண்டாமென்று கையை விலக்கவில்லை; மரியாவைத் தடுக்க வேண்டாமென்றே கூறினார். எளிமைக்கும் பெற்றுக்கொள்வதற்கும் பகை இல்லை என்பது இதனால் விளங்கும்.

அப்படியானால் எதைக் கொடுப்பது? அவர் எதைக் கேட்கிறார் என்பதைவிட, எதைத் தள்ளிப்போடுகிறார் என்பதைக் கவனிப்பதே நல்ல வழி. இன்னும் ஓராண்டு உழைக்கும் என்று அவர் சொல்லும் செருப்பு, கீறல் விழுந்த மூக்குக்கண்ணாடி, ஆடிப்போன மண்வெட்டிப் பிடி, மிதிக்கையில் முனகும் சைக்கிள் ஆகியவை அவருக்காகப் பேசுகின்றன. புதிய பொருளை ஏற்காதவரும், பழைய கைக்கடிகாரம் பழுது நீக்கப்பட்டு ஓடுவதைக் கண்டால் முகம் மலர்வார்.

பொருள்தான் வேண்டுமென்றால் நம் ஆற்றங்கரையே போதும். அம்பாசமுத்திரத்திலிருந்து திருநெல்வேலி செல்லும் சாலையில் பத்தமடை உள்ளது. தாமிரபரணிக் கரையில் விளையும் கோரையை நீரில் ஊறவைத்து, நுண்ணிய இழைகளாகக் கிழித்து, சாயமேற்றி, பருத்தி நூற்பாவில் அங்குள்ள இஸ்லாமியக் குடும்பத்தினர் பாய் நெய்கின்றனர். மணமக்களின் பெயர் பொறித்த பட்டுப்போன்ற மென்பாய் எல்லார்க்கும் எட்டாது. அதே ஊரின் சாதாரணப் பாய் எளிய வருவாய்க்கும் எட்டும். கோடைப் பகலில் வயலிலிருந்து வருபவருக்கு அதைவிடப் பயனுள்ள பொருள் அரிது. காருகுறிச்சி மண்பானையும், நெசவாளர் வாழும் வீரவநல்லூரின் துண்டும் அத்தகையனவே. வாங்கிய பணம் பக்கத்து ஊரின் இன்னொரு அடுப்பையும் எரியச் செய்யும்.

பணமே இல்லாதவர்க்கும் வழியுண்டு. அவர் சுமக்கும் ஒரு வேலையை ஒரு நாள் வாங்கிக்கொள்ளலாம். மின்கட்டணத்துக்கோ ரேஷன் கடைக்கோ அவர் நிற்கும் வரிசையில் நாம் நின்று, அந்தக் காலைப்பொழுதை அவருக்கே திருப்பித் தரலாம். மறந்துபோன பழைய நண்பரை ஒரு வேளை உணவுக்கு அழைக்கலாம்.

கொடுப்பவருக்கும் சில எல்லைகள் உண்டு. கடன் வாங்கிக் கொடுப்பது கூடாது. தவணையை நினைந்து அவர் உறங்காத இரவே அப்பரிசின் விலையாகிவிடும். அவரைத் திருத்துவதற்காகக் கொடுப்பதும் கூடாது. அது பரிசின் உறையிலிட்ட கண்டனம். அவருடைய "வேண்டாம்" என்ற சொல்லுக்குப் பின்னே பிள்ளைகளின் கல்விக் கட்டணம் பற்றிய அச்சம் இருக்குமானால், அவ்வச்சத்தை இருவரும் அமர்ந்து பேசித் தீர்ப்பதே அந்த ஆண்டின் தலைசிறந்த பரிசாக அமையும்.

கணவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை மனைவி ஒரு சிறு பொட்டலத்தை நீட்டும்போது விலையைக் கேட்க வேண்டாம். அதைப் பிரித்து, அன்றே பயன்படுத்துங்கள். பாயானால் அன்றிரவே விரித்துப் படுங்கள். பீடித் தட்டின் முன் குனிந்திருந்த பல மணி நேரம் அதில் நெய்யப்பட்டிருக்கிறது. அதை மதித்து ஏற்பதும் இல்லறத்தின் கடமைகளுள் ஒன்றாகும்.