முகம்மதுக்கு அடுத்து முத்துக்குமார்

மேலப்பாளையத்திலிருந்து பஸ் ஏறிப் பாளையங்கோட்டைக்குப் படிக்க வரும் ஒரு பத்தாம் வகுப்புப் பையனை நினைத்துக்கொள்ளுங்கள். வருகைப் பதிவேட்டில் என்ன பெயர் இருந்தாலும் வகுப்பில் அவன் 'பாய்'தான். பாகிஸ்தான் தோற்ற மறுநாள், "என்ன பாய், ராத்திரி தூக்கம் வந்துச்சா?" என்பார்கள். அவனும் சிரித்து வைப்பான். வாத்தியாரும் கூடச் சேர்ந்து சிரித்தால்தான் சுருக்கென்று இருக்கும்.

பதினைந்து வயதில் வருவது அவனுக்கும் வரும். நோன்பு நாளில் அவன் கண்ணில் படாமல் திரும்பி நின்று தண்ணீர் குடிக்கிற ஒருத்தியை மனது குறித்து வைத்துக்கொள்ளும். சொந்தச் சாதிப் பையன் என்றால் கேலியோடும் ஹெட்மாஸ்டரின் காது திருகலோடும் முடிகிற சமாச்சாரம். இவன் என்றால் இரண்டு தெரு கூடிப் பேசும். வாப்பாவுக்குக் கோபத்தைவிடப் பயம்தான் முந்தி வரும்: "இது நமக்கு ஆவாதுலே."

சாதி மாறினாலும் இங்கே இதே கதிதான். 2023 ஆகஸ்ட்டில் நாங்குநேரியில் பள்ளி மாணவன் ஒருவனை, உடன் படித்தவர்களே சாதி வெறியில் வீடு புகுந்து வெட்டினார்கள். அதையொட்டி அமைக்கப்பட்ட நீதியரசர் சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை தந்தது. கைக்கயிறு, நெற்றித் திலகம் பற்றிய பரிந்துரைகளுக்குத்தான் சண்டை நடந்தது. எனக்குப் பிடித்தது வேறொன்று: மாணவர்களைப் பெயரின் அகரவரிசைப்படி உட்காரவைக்க வேண்டும்.

ஆணும் பெண்ணும் தனித்தனி வரிசை என்கிற பள்ளியில் முகம்மதுக்குப் பக்கத்தில் முத்துக்குமார்தான் கிடைப்பான். இருக்கட்டும். ரெக்கார்டு நோட்டை இரவல் கேட்கிறபோதாவது பெயர் சொல்லிக் கூப்பிடுவான் அல்லவா?