சுவருக்கு அந்தப் பக்கம்

பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தபோது ஒரு தேளைக் காப்பாற்றினேன். முதல் பத்து நிமிடம் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் ஊர் அருவங்காடு. குன்னூரிலிருந்து ஊட்டிக்கு ஏறும் மலை ரயிலில் வெலிங்டனுக்கு அடுத்த ஸ்டேஷன். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வெள்ளைக்காரர்கள் கட்டிய கார்டைட் ஃபேக்டரியைச் சுற்றி வளர்ந்த ஊர். துப்பாக்கிக் குண்டை உந்தித் தள்ளும் மருந்து செய்கிற இடம். அப்பா அங்கே வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இந்தக் குளிரில் நான் வளர்ந்த பதினேழு வருடத்தில் வீட்டுக்குள் ஒரு தேளைக்கூடப் பார்த்ததில்லை. தேள் என்றால் கீழே, சமவெளியில், காரமடைப் பக்கம் அம்மாயி வீட்டில். ஓட்டுச் சந்தில், விறகு அடுக்கில், மழைக்கு முந்தின இரவில் அடுப்படியில்.

இந்த முறை அது தேங்காய் மூட்டையில் வந்தது. பெரியம்மா கொடுத்தனுப்பிய மூட்டையை அம்மா பின்பக்கத் திண்ணையில் அவிழ்த்தாள். என் மகள், மூன்று வயது, பக்கத்தில் உட்கார்ந்து நாரைப் பிய்த்துக்கொண்டிருந்தாள். சாக்கு மடிப்பிலிருந்து அது இறங்கி வந்தது. இரண்டு அங்குலம் இருக்கும். செம்மஞ்சள் நிறம், ஒல்லியான இடுக்கி, தடித்த வால். குளிருக்கோ என்னவோ, மெதுவாக நடந்தது.

அம்மா விளக்குமாற்றை எடுத்துவிட்டாள். "இரும்மா" என்று தடுத்து, ஒரு கண்ணாடி டம்ளரைக் கவிழ்த்து மூடினேன். போன வருட நாட்காட்டியின் அட்டையை அடியில் செருகித் தூக்கிக்கொண்டுபோய்ப் பின்சுவருக்கு அந்தப் பக்கம் உதறினேன். மகள் கை தட்டினாள். வள்ளலாருக்குத் தூரத்துச் சொந்தக்காரன் மாதிரி ஒரு நினைப்போடு கை கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தேன்.

அப்பா டீயை ஆற்றிக்கொண்டே கேட்டார். "அந்தப் பக்கம் யாருடா நடப்பாங்க?"

சுவருக்கு அந்தப் பக்கம் ஒற்றையடிப் பாதை. அதற்குக் கீழே தேயிலை. காலையில் தோட்டத்துக்குப் போகிற பெண்கள் அந்த வழியாகத்தான் போவார்கள். வரும்போது அங்கே விழுந்து கிடக்கும் சுள்ளியைப் பொறுக்கிக் கட்டிக்கொண்டு வருவார்கள். ரப்பர் செருப்பு, வெறும் கை.

என்னிடம் பதில் இல்லை. இந்தக் கட்டுரை அந்தக் கேள்விக்குப் பிறகு நான் யோசித்தது.

*

எல்லோருக்கும் தெரிந்த கதை ஒன்று. ஆற்றில் தத்தளிக்கும் தேளை ஒரு முனிவர் எடுக்கிறார். கொட்டுகிறது. நழுவி விழுகிறது. மறுபடி எடுக்கிறார், மறுபடி கொட்டுகிறது. ஏன் சாமி இப்படி என்று கேட்டவனிடம், கொட்டுவது அதன் இயல்பு, காப்பது என் இயல்பு என்கிறார்.

பள்ளிக்கூடத்தில் இதைக் கேட்டபோது கண் கலங்கியிருக்கிறேன். இப்போது இந்தக் கதையில் இரண்டு சிக்கல் தெரிகிறது.

முதல் சிக்கல் 'இயல்பு'. தேளைக் கொஞ்சம் படித்தால், கொட்டுவது அதன் இயல்பு என்ற வாக்கியம் ஆட்டம் காண்கிறது. விஷம் தேளுக்குச் செலவு பிடிக்கிற சரக்கு. தீர்ந்துபோனால் மறுபடி ஊறுவதற்கு நாளும் உடம்பின் சக்தியும் வேண்டும். அதனால் சிக்கனமாகத்தான் செலவழிக்கும். சின்ன இரையை இடுக்கியாலேயே நசுக்கிவிடும். விஷமே விடாமல் வெறும் கொடுக்கால் குத்துவதும் உண்டு. தென்னாப்பிரிக்காவில் வாழும் பாராபூத்தஸ் டிரான்ஸ்வாலிகஸ் என்ற தேளை ஆராய்ந்து 2003இல் ஒரு கட்டுரை வந்தது. சீண்டியதும் அது முதலில் விடுவது தெளிந்த நீர் மாதிரி ஒன்று. அதில் பொட்டாசியம் உப்பு அதிகம். நன்றாக வலிக்கும், தயாரிக்க மலிவு. அதற்கும் மேலே சீண்டினால்தான் பால் நிறத்தில் நிஜ விஷம். முதலில் எச்சரிக்கை, பிறகுதான் ஆயுதம். இதை 'இயல்பு' என்பதைவிடக் 'கணக்கு' என்று சொல்லலாம்.

ஒருவனைத் 'தேள்' என்று சொல்லும்போதும் நாம் இதைத்தான் மறைக்கிறோம். அவன் பிறவியே அப்படி என்று சொல்லிவிட்டால், எந்த நெருக்கடியில், யார் மிதித்தபோது அவன் கொட்டினான் என்று கேட்க வேண்டியதில்லை. கோபம் வந்தால் நெருப்பு வளையத்துக்குள் தன்னைத்தானே கொட்டிக்கொண்டு சாகும் என்றுகூடத் தேளைப் பற்றிச் சொல்வார்கள். உண்மையில் சூட்டில் அதன் உடம்பு வெட்டி இழுக்கிறது. அதன் விஷம் அதையே கொல்வது அரிது. குஞ்சுகள் தாயின் வயிற்றைக் கிழித்துக்கொண்டு பிறக்கும் என்பாள் அம்மாயி. அதுவும் இல்லை. தேள் குட்டி போடுகிற உயிர். வெள்ளை வெள்ளையாகப் பிறக்கும் குஞ்சுகள் தாயின் முதுகில் ஏறிக்கொள்ளும். முதல்முறை தோல் உரிக்கும்வரை தாய் அவற்றைச் சுமந்துகொண்டே திரியும். நாற்பது கோடி வருடத்துக்கும் மேலாக இந்தப் பூமியில் இருக்கிற ஒரு ஜீவனைப் பற்றி நம்மிடம் இருப்பதில் பாதி அவதூறு.

*

ஆனால் அவதூறு நீங்கியதும் அது பூச்சியாகிவிடாது. இந்தியச் செந்தேளின் அறிவியல் பெயர் ஹோட்டன்டோட்டா டமுலஸ். 1798இல் டென்மார்க்காரரான ஃபாப்ரீசியஸ் அதற்கு வைத்த பெயரில் இருக்கும் 'டமுலஸ்' தமிழைக் குறிக்கிறது. நம் பெயரைச் சுமந்துகொண்டிருக்கும் தேள், உலகத்தின் மிக ஆபத்தான தேள்களில் ஒன்று. உலகத்தில் 2,500க்கு மேற்பட்ட தேள் இனங்கள் உண்டு. மனிதனைக் கொல்லக்கூடியவை அவற்றில் சில பத்துதான்.

நாம் பயப்படுவது வேறு ஒன்றுக்கு. உள்ளங்கை அகலத்துக்குக் கருப்பாக, நண்டுக் கை மாதிரி இடுக்கியோடு வரும் நட்டுவாக்காலியைக் கண்டால் ஊரே கூடும். பொதுவாக இடுக்கி பெருத்து வால் மெலிந்தவற்றுக்கு விஷம் குறைவு. இடுக்கி மெலிந்து வால் தடித்தவற்றிடம்தான் ஜாக்கிரதை வேண்டும். நான் டம்ளரில் பிடித்தது அந்த இரண்டாவது வகை.

செந்தேளின் விஷம் நரம்புகளின் சோடியம் வாயில்களை மூடவிடாமல் செய்கிறது. உடம்பின் அபாய மணி ஒன்று அடித்து, அதை நிறுத்த ஆளில்லாமல் போகிற மாதிரி. வியர்வை கொட்டும், கை கால் சில்லிடும், ரத்த அழுத்தம் எகிறும், கடைசியில் நுரையீரலில் நீர் கோக்கும். பெரும்பாலானவர்களுக்கு வலியோடு போய்விடும். அதனால்தான் மந்திரிப்பவருக்கு நல்ல பெயர். ஆனால் குழந்தையின் சின்ன உடம்புக்கு அதே அளவு விஷம் பெரிது.

மகாராஷ்டிரத்தில், ராய்கட் மாவட்டத்தின் மகாட் பக்கம், 1976இல் ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு இளம் டாக்டராக வந்தார் ஹிம்மத்ராவ் பவாஸ்கர். தேள் கொட்டி வந்த குழந்தைகள் கண் முன்னால் சாவதைப் பார்த்தார். கடுமையாக விஷம் ஏறியவர்களில் 100க்கு 25, 30 பேர் இறந்துகொண்டிருந்த காலம். ராத்திரி பகலாக நோயாளியின் பக்கத்தில் உட்கார்ந்து குறித்துவைத்தார். 1982இல் அவருடைய குறிப்புகள் லான்செட் இதழில் வந்தன. ரத்தக் கொதிப்புக்குக் கொடுக்கும் பிரசோசின் என்ற சாதாரண மாத்திரை அந்த அபாய மணியை அமர்த்தும் என்று கண்டுகொண்டார். அவரும் அவர் மனைவி டாக்டர் பிரமோதினியும் அதைக் கொடுக்கத் தொடங்கிய பிறகு சாவு ஓரிரு சதவீதத்துக்கு இறங்கியது. விஷமுறிவு மருந்தையும் சேர்த்துக் கொடுத்தால் இன்னும் சீக்கிரம் தேறுகிறார்கள் என்று 2011இல் காட்டினார்கள். 2022இல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது.

இதில் எனக்குப் பிடித்த விஷயம், சாவு குறைந்தது தேள்களைக் கொன்றதால் அல்ல. விஷம் என்ன செய்கிறது என்று ஒருவர் பொறுமையாகப் பார்த்ததால். அறிவு கூடும்போது கொல்ல வேண்டிய கட்டாயம் குறைகிறது. அம்மாயி விளக்குமாற்றால் அடித்தபோது அவளுக்கு வேறு வழியில்லை. பஸ் காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று. தரையில் பாய் விரித்துத் தூங்கும் ஐந்து பிள்ளைகள். அவளை நான் கொடூரமானவள் என்று சொல்ல முடியாது. அதே அடியை டம்ளரும் டார்ச்சும் காரும் வைத்திருக்கிற நான் அடித்தால், எனக்கு அவளைவிட நல்ல காரணம் வேண்டும்.

இதுவரை யோசித்தபோது நான் செய்தது சரி என்றுதான் பட்டது. அப்பாவின் கேள்வி மட்டும் நகரவில்லை.

*

முனிவர் கதையின் இரண்டாவது சிக்கல் அதுதான். அதில் இரண்டே பேர். காப்பாற்றுகிறவரும் தேளும். கொட்டு வாங்குவது காப்பாற்றுகிறவர் கை. தன் கருணையின் விலையைத் தானே கட்டுகிறார், அதனால்தான் அது அழகாக இருக்கிறது. கரையில் எடுத்துவிட்ட தேள் அப்புறம் எங்கே போனது என்று கதை சொல்வதில்லை. அந்தப் படித்துறையில் மறுநாள் துணி துவைக்க வந்தவள் யார்?

நான் கட்டவில்லை. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் என் விரல் பத்திரமாக இருந்தது. ஆபத்தை அழிக்கவுமில்லை, ஏற்றுக்கொள்ளவுமில்லை. ஆளை மாற்றிவிட்டேன். என் தொழிலில் இதற்கு ஒரு பழக்கம் உண்டு. நம் மாட்யூலில் வந்த பக்கை வேறு டீம் பக்கம் தள்ளிவிட்டு, நம் டிக்கெட்டை 'தீர்ந்தது' என்று மூடுவோம். மகள் கை தட்டியது அப்படி மூடிய ஒரு டிக்கெட்டுக்குத்தான்.

கொல்லாமையைப் பேசுகிற நம் மரபு பெரியது. குறளில் அதற்கென்றே ஓர் அதிகாரம் இருக்கிறது. ஆனால் அதை வாசிக்கும்போதெல்லாம் எனக்கும் அந்த உயிருக்கும் நடுவில் உள்ள விவகாரமாகவே வாசித்திருக்கிறேன். மூன்றாவது ஆள் ஒருவர் எப்போதும் இருக்கிறார். யானையைக் காப்பாற்றும் சட்டத்தில் காட்டோரத்து விவசாயி, தெருநாய்க்குப் பிஸ்கட் போடும் அன்பில் அதிகாலைப் பால்காரர். அவர்கள் இருக்கிறார்கள் என்பதால் கருணை தப்பாகிவிடாது. ஆனால் அவர்களைக் கேட்காமல் செய்த கருணை பாதிதான்.

அப்பா கொல்லச் சொல்லவும் இல்லை. அவர் வேலை பார்த்த இடத்தில் தீப்பெட்டி கேட்டுக்கு உள்ளே போகக் கூடாது. ஆபத்தான பொருளை எங்கே வைக்கிறோம், பக்கத்தில் யார் நிற்கிறார்கள், அவர்களுக்கு அது தெரியுமா. முப்பது வருடம் அப்படி யோசித்துப் பழகியவருக்கு அந்தக் கேள்வி தத்துவம் இல்லை, பழக்கம்.

*

அன்று ராத்திரி புறஊதா டார்ச்சை எடுத்துக்கொண்டு சுவருக்கு அந்தப் பக்கம் போனேன். ரூபாய் நோட்டின் ரகசியங்களை மகளுக்குக் காட்ட வாங்கியது. தேளின் தோல் அந்த வெளிச்சத்தில் பச்சை நீலமாக ஒளிரும். ஏன் ஒளிர்கிறது என்று இன்னும் உறுதியாகத் தெரியவில்லை. தோல் உரித்த புதிதில் மட்டும் ஒளிராது, இறுகினால்தான். கல் இடுக்கு, சுள்ளிக் குவியல், சுவரின் அடி என்று முக்கால் மணி நேரம் தேடினேன். ஒரு பழைய சோப்புக் கவர் பளபளத்தது. வேறொன்றும் இல்லை.

காலையில் பனி விலகுவதற்கு முன்னால் பாதையில் போய் நின்றேன். நாலு பேர் வந்தார்கள். விஷயத்தைச் சொன்னேன். நேற்று இங்கே ஒரு தேளை விட்டேன், செந்தேள் மாதிரி இருந்தது, விறகு எடுக்கும்போது பார்த்து எடுங்க, கொட்டினால் மந்திரிக்க நிற்காமல் நேரா ஆஸ்பத்திரிக்குப் போயிருங்க என்று. சொல்லச் சொல்லவே என் குரல் எனக்குக் கேவலமாகக் கேட்டது.

வயதான அக்கா சிரித்தார். "நாங்க எப்பவும் தட்டிட்டுத்தான் தம்பி எடுப்போம். சொன்னது நல்லதாப் போச்சு."

பின்னால் வந்த சின்னப் பெண் நின்று என்னைப் பார்த்தது. "புடிச்சதுதான் புடிச்சீங்க, அடிச்சிருக்கலாம்ல? இல்லாட்டி தூரமாக் கொண்டுபோய் விட்டிருக்கலாம்."

"விட்டிருக்கலாம்மா" என்றேன்.

அவர்கள் இறங்கிப் போனார்கள். சுள்ளிக் குவியலைத் தாண்டும்போது அந்த அக்கா காலால் ஒரு தட்டு தட்டிவிட்டுப் போனார்.