பிரேக்கும் மனச்சான்றும்

தன் பொருளைத் தன் கையாலேயே சீர்செய்துகொள்பவரை நாம் மதிக்கிறோம். ஒழுகும் குழாயை அடைப்பவரும், அறுந்த செருப்பைத் தைப்பவரும், நின்றுபோன கடிகாரத்தைத் திறந்து பார்ப்பவரும் நம் பாராட்டுக்கு உரியவர்களே. அவர்களுடைய வேலை பிழைத்தால் தண்ணீர் ஒழுகும், செருப்பு மீண்டும் அறும், கடிகாரம் ஓடாது. இழப்பு செய்தவரோடு நின்றுவிடும். ஆனால் அவர் சீர்செய்யப் புகுவது தம் பழைய காரின் பிரேக்காக இருந்தால்? பிரேக், வண்டிக்குள் அமர்ந்திருப்பவருக்கு எவ்வளவு தேவையோ, அவ்வளவு தேவை அவ்வண்டிக்கு முன்னே சாலையைக் கடக்கும் பள்ளிப் பிள்ளைக்கும். அப்பிள்ளை நம் வேலையைப் பார்த்ததில்லை. அதற்கு இசைவு தந்ததும் இல்லை. பிறர் உயிர் தங்கியிருக்கும் ஒரு வேலையை, கற்றுத் தேறாத ஒருவர் தம் வீட்டு வாசலில் செய்வது அறமாகுமா?

பொதுப்படப் பேசினால் இக்கேள்வி பிடி கொடாது. ஒரு குறிப்பிட்ட வேலையையே எடுத்துக்கொள்வோம். பெரும்பாலான கார்களில் முன்சக்கரத்து பிரேக் டிஸ்க், ஹப் என்னும் சக்கர மையத்தின்மேல் வெளிப்புறமிருந்து தொப்பிபோல் மாட்டப்பட்டிருக்கும். சக்கரத்தையும், டிஸ்க்கைக் கவ்வும் காலிப்பரையும் கழற்றிவிட்டால் அது கையோடு வந்துவிடும். சில பழைய கார்களில் அப்படியன்று. 1990 முதல் 1997 வரை அமெரிக்காவில் விற்பனையான ஹோண்டா அக்கார்டு கார்களில் பெரும்பாலானவற்றிலும், அக்காலத்து வேறு சில ஜப்பானிய, கொரிய வண்டிகளிலும் டிஸ்க், ஹப்புக்குப் பின்னே அமர்ந்திருக்கும். ஹப்பை எடுக்காமல் டிஸ்க்கை எடுக்க இயலாது. அந்த ஹப்போ, சில வண்டிகளில் பேரிங்குக்குள் பெரும் அழுத்தத்தோடு இறுக்கி நுழைக்கப்பட்டது. ஆகவே ஒரு தட்டை மாற்றப் புறப்பட்டவர், இருநூறு நியூட்டன் மீட்டர் அளவுக்கு முறுக்கப்பட்ட அச்சு நட்டைத் தளர்த்தி, பால் ஜாயிண்டுகளைப் பிரித்து, நக்கிள் எனப்படும் கனத்த வார்ப்பையே வண்டியிலிருந்து கழற்றி, ஹப்பைப் பிரஸ்ஸில் வைத்துத் தள்ளவேண்டி வருகிறது. வேலைக்கூலி மிகுந்த அமெரிக்கா போன்ற நாடுகளில் பழைய வண்டி வைத்திருப்போர் சிலர் இதைத் தம் வீட்டிலேயே செய்யத் துணிகின்றனர். கூலி, வண்டியின் விலையையே எட்டிப் பிடிக்கும் நிலையில் அவர்களைக் குறைகூற நமக்கு மனம் வரவில்லை.

இந்த வேலையில் நம் சிந்தனைக்கு உரியதோர் இடம் உண்டு. பேரிங் என்பது இரண்டு எஃகு வளையங்களும் அவற்றின் இடையே ஓடும் குண்டுகளுமே. பேரிங்கை நக்கிளுக்குள் அழுத்தும்போது விசை வெளிவளையத்தின்மீது படவேண்டும். பிறகு ஹப்பை அதற்குள் அழுத்தும்போது உள்வளையத்தை அடியிலிருந்து தாங்கிக்கொள்ளவேண்டும். இது மாறிப்போனால் பிரஸ்ஸின் விசை முழுவதும் குண்டுகளின் வழியாகப் பாய்ந்து, அவை ஓடும் வழவழப்பான பாதையில் நுண்ணிய குழிகளைப் பதித்துவிடும். அப்போதும் பேரிங் சுழலும். கண்ணுக்கும் கைக்கும் குறை ஏதும் தெரியாது. அன்று மாலை வண்டி நன்றாகவே ஓடும். செய்தவர் மகிழ்ச்சியோடு உறங்குவார். நாள்கள் பல கழிந்தபின் சக்கரத்திலிருந்து மெல்லிய முனகல் எழும், பின் இரைச்சல், பின் ஆட்டம். பழைய பேரிங்கின் கதையும் இத்தகையதே. ஹப்பை வெளியே தள்ளும்போது உள்வளையத்தின் ஒரு பாதி பெரும்பாலும் பிரிந்து ஹப்போடு ஒட்டிக்கொண்டு வந்துவிடும். அந்த பேரிங்கை மீண்டும் பயன்படுத்தலாகாது என்பது விதி. "நன்றாய்த்தானே இருக்கிறது" என்று துடைத்து மாட்டிவிடும் ஆசையோ வலியது.

தவறு நிகழும் நாளும் அது வெளிப்படும் நாளும் வேறு வேறாக இருக்கும் வேலைகள் அனைத்துக்கும் இந்த வளையத்தை நாம் சான்றாகக் கொள்ளலாம். மருந்து கலப்பவர், கட்டடத்துக்குக் கம்பி கட்டுபவர், தேர்வுத்தாள் திருத்துபவர் ஆகிய யாவரும் இவ்வினத்தவர். இவர்களுக்குத் "திறமை இருக்கிறதா?" என்ற கேள்வி மட்டும் போதாது. "உன் தவறு உனக்குத் தெரியவருமா?" என்று கேட்கவேண்டும். தன் தவறைத் தானே காணமுடியாத இடத்தில் தன்னம்பிக்கை எதற்கும் சான்றாகாது.

வேலையின் கடுமை இன்னொரு சோதனையையும் கொணர்கிறது. டிஸ்க்கைக் கழற்றுவது இத்துணைத் தொல்லையென்றால், அதை அப்படியே விட்டுப் புதிய பிரேக் பேடுகளை மட்டும் மாட்டிவிடலாமே என்று தோன்றும். டிஸ்க் இதற்குமேல் தேயலாகாது என்ற அளவு பெரும்பாலும் அதன்மீதே பொறிக்கப்பட்டிருக்கும். அதை அளந்து பார்த்து, இன்னும் கனம் இருப்பதால் விட்டுவைப்பவர் ஒருவர். அளந்தால் மாற்றவேண்டி வருமே என்று அளக்காமலே விட்டுவைப்பவர் வேறொருவர். வெளியிலிருந்து பார்ப்போருக்கு இருவரும் ஒன்றுபோல் தெரிவர்.

இனி, எதிர்ப்பக்கத்தையும் நேர்மையோடு நோக்குவோம். உழைப்பு மனிதனின் மாண்பைச் சேர்ந்தது என்பதைத் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1981இல் எழுதிய தொழில் பற்றிய சுற்றுமடல் வலியுறுத்தியது. நம் ஆண்டவர் தச்சர் என்று அழைக்கப்பட்டவர். கற்றவர் செய்யட்டும், மற்றவர் பணம் கொடுக்கட்டும் என்று எல்லா வேலைகளையும் பிரித்துவிட்டால், பணமில்லாதவருக்கு மிஞ்சுவது என்ன? வண்டியின்றி வேலைக்குச் செல்லமுடியாத ஊரில் வாழும் ஏழை ஒருவருக்கு, அச்சு நட்டைத் தாமே தளர்த்துவது பொழுதுபோக்கன்று, பிள்ளைகளின் உணவு. அவரிடம், "தேர்ச்சியில்லாத நீர் தொடாதீர்" என்று சொல்வது எளிது. தேய்ந்த டிஸ்க்கோடு அவர் ஓட்டிக்கொண்டே இருப்பதுதான் அந்த அறிவுரையின் விளைவாக இருக்கும். தவிரவும், எந்தத் தேர்ச்சியும் முதல்முறை செய்த ஒரு வேலையிலிருந்துதான் தொடங்கியிருக்கிறது.

இவ்விடத்தில் நம் திருச்சபையின் அறநெறி மரபு நமக்குக் கை கொடுக்கிறது. ஐயத்துக்கிடமான செயல்களில் எந்தக் கருத்தைப் பின்பற்றுவது என்று பதினேழாம், பதினெட்டாம் நூற்றாண்டுகளின் இறையியலார் கடுமையாக வாதிட்டனர். நல்ல காரணங்களையுடைய கருத்து எதையும் பின்பற்றலாம் என்றனர் ஒரு சாரார். பாதுகாப்பான வழியையே எப்போதும் தேர்ந்தாகவேண்டும் என்றனர் மறுசாரார். இவ்விரு கரைகளுக்கும் நடுவே ஓடம் செலுத்தியவர் புனித அல்போன்சு லிகோரி. நேப்பிள்சில் புகழோடு வழக்குரைத்து வந்த இவர், ஆவணம் ஒன்றின் ஒரு பகுதியைக் கவனிக்கத் தவறியதால் பெரும் வழக்கொன்றில் தோற்று, 1723இல் அத்தொழிலையே துறந்தவர். கண்ணில் படாத ஒரு சிறு பிழை எவ்வளவு செய்யும் என்பதை அவர் நூலில் படித்து அறியவேண்டியிருக்கவில்லை. ஆனால் இத்தனை வாதங்களுக்கிடையிலும் ஒரு செய்தியில் பொதுவாகக் கருத்து வேற்றுமை எழவில்லை. பிறர் உயிர் இடரில் இருக்கும்போது, "அநேகமாகச் சரியாகவே இருக்கும்" என்பது போதாது. இதற்கு அறநெறி நூல்கள் காட்டும் எடுத்துக்காட்டு ஒரு வேட்டைக்காரர். புதரில் அசைவது மானா மனிதனா என்று அவர் ஐயுறுகிறார். மானாக இருக்கவே வாய்ப்பு மிகுதி. ஆயினும் அவர் எய்யலாகாது. அவருக்கு வேட்டையாடும் உரிமை இல்லையென்று நூல்கள் சொல்லவில்லை. ஐயம் தீரும்வரை வில்லைத் தாழ்த்து என்கின்றன, அவ்வளவே.

இந்த அளவுகோல் நம் கேள்வியைச் சற்றே இடம் பெயர்த்து வைக்கிறது. வீடா பட்டறையா என்பது முதற்கேள்வியாக இல்லாமற் போகிறது. ஐயம் இருக்கிறதா, அதைத் தீர்த்துக்கொள்ள முயன்றோமா என்பதே முன்னே வந்து நிற்கிறது. பட்டறையில் பணம் கட்டிவிட்டால் பொறுப்பு கைமாறிவிடும் என்று எண்ணுவோர் இதைக் கருதவேண்டும். அவசரக்காரர் அங்கும் உண்டு. தவறான வளையத்தில் அழுத்துபவர் அங்கும் உண்டு. பணம் கொடுத்தவர், சக்கரத்தில் முனகல் கேட்டபின்னும், "பட்டறையில் செய்ததுதானே" என்று வானொலியின் ஒலியைக் கூட்டினால், வேட்டைக்காரரின் நிலை அவருக்கு வந்துவிடுகிறது.

புதிய வீடு கட்டுபவர் மாடியைச் சுற்றிக் கைப்பிடிச் சுவர் எழுப்பவேண்டும், விழுபவரின் இரத்தப்பழி வீட்டின்மேல் வராதிருக்கவேண்டும் என்று இணைச்சட்ட நூல் விதிக்கிறது. யாரும் விழுவதற்கு முன்பே எழுந்துவிட்ட கடமை அது. நம் நாட்டின் சட்டமும் இங்கே வியப்பூட்டும் வகையில் அறநெறி நூலைப் போலவே பேசுகிறது. 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தின் 190ஆம் பிரிவு, பிறருக்கு இடர் விளைக்கும் குறையுள்ள வண்டியைப் பொது இடத்தில் ஓட்டுவதைக் குற்றமாக்குகிறது. ஓட்டியவர் அறிந்த குறை மட்டுமன்று, இயல்பான கவனம் செலுத்தியிருந்தால் அறிந்திருக்கக்கூடிய குறையும் அதில் அடங்கும். தவிர்த்திருக்கக்கூடிய அறியாமைக்கு மனிதர் பொறுப்பாளி என்று திருச்சபை நெடுங்காலமாகக் கற்பித்து வருவதும் இதுவே. புதுக் கார் வாங்கியதும் வேளாங்கண்ணிக்குக் கொண்டுசென்று மந்திரிக்கும் வழக்கம் நம்மிடையே உண்டு. அது நல்ல வழக்கம். பத்து ஆண்டு ஓடிய காரை யாரும் மந்திரிக்கக் கொண்டுவருவதாகத் தெரியவில்லை. மன்றாட்டு மிகுதியாகத் தேவைப்படுவது அதற்குத்தான்!

ஆனால் அச்சமும் அளவு மீறலாம். நட்டை முறுக்குவதற்கு அளவுகோல் பொருத்திய ஸ்பேனர் உண்டு. குறித்த அளவு வந்ததும் நிறுத்தவேண்டும். இறுகியதோ இல்லையோ என்று மீண்டும் மீண்டும் முறுக்கினால் போல்ட் நீண்டு வலுவிழக்கும். குறைவாக முறுக்கியவரும் மிகுதியாக முறுக்கியவரும் சென்றடைவது ஒரே இடந்தான். புனித இஞ்ஞாசியார் மன்ரேசாவில் தம் பழைய பாவங்களை மீண்டும் மீண்டும் கிளறி அறிக்கையிட்டு அலைக்கழிந்ததை நாம் அறிவோம். நொய்ந்த மனச்சான்றுக்கு மருந்து, இன்னும் அஞ்சுவதில் இல்லை. குறித்துவைத்த அளவுக்குக் கீழ்ப்படிவதில் இருக்கிறது.

ஆகவே நம் பழைய கார்க்காரருக்கு என்ன சொல்வோம்? அவரைப் போன்றவர்களில் அறிவுள்ளோர் கண்டுகொண்ட வழி ஒன்று உண்டு. நக்கிளைக் கழற்றும் வேலையைத் தாமே செய்கிறார்கள். அதைப் பையிலிட்டு, பிரஸ்ஸும் பழகிய கையும் உள்ள பட்டறைக்கு எடுத்துச் செல்கிறார்கள். பழைய ஹப்பை அங்கே தள்ளி எடுத்து, புதிய பேரிங்கையும் டிஸ்க்கையும் சேர்த்து அழுத்தித் தருகிறார்கள். முழு வேலைக்கான கூலியில் சிறு பங்கே செலவாகிறது. வீட்டுக்குத் திரும்பியவர் புதிய அச்சு நட்டை இட்டு, குறித்த அளவில் முறுக்கி, பால் ஜாயிண்டுகளின் பின்களைச் செருகி, வண்டி நகருமுன் பிரேக் மிதியைப் பலமுறை அழுத்திப் பார்க்கிறார். பேடு மாற்றிய பின் முதல் அழுத்தத்தில் மிதி தரைவரை போய்விடும் என்பதை அவர் அறிவார். ஆளில்லாத சாலையில் மெல்ல ஓட்டி நிறுத்திப் பார்க்கிறார். தம் கை காணக்கூடியதைத் தாம் செய்தார். காணமுடியாததைப் பிறரிடம் கொடுத்தார். இதை நாம் முழுமனத்தோடு ஏற்கிறோம்.

இன்னும் ஒரு வினா எஞ்சி நிற்கிறது. பிரஸ் இல்லாமல் சுத்தியலால் அடித்து ஹப்பை ஏற்றிய ஒருவர், சில மாதங்கள் கழித்து அக்காரை விற்கிறார். முனகல் இன்னும் எழவில்லை; எழாமலே போகவும் கூடும். வாங்குபவரிடம் சொல்லவேண்டுமா? விற்கும் பொருளின் குறையைச் சொல்லும் கடமை பற்றிப் புனித தோமா அக்குவினாசு தம் இறையியல் தொகுப்பில் ஆராய்கிறார். குறை வெளிப்படையாக இருந்து, விலையிலும் அதற்கேற்பத் தள்ளுபடி செய்யப்பட்டால் விற்பவர் வாய் திறக்கவேண்டியதில்லை என்கிறார். ஒற்றைக் கண் குதிரையை வாங்குபவர் அதைத் தாமே காண்கிறார் அன்றோ? மறைந்திருந்து இழப்போ இடரோ விளைக்கக்கூடிய குறையை மட்டும் சொல்லியே ஆகவேண்டும். பேரிங்கின் உள்ளே கிடக்கும் குழியை எந்தச் சந்தையிலும் எவரும் குனிந்து பார்த்துக் கண்டதில்லை. சுத்தியலால் அடித்த செய்தியைச் சொன்னால் வாங்குபவர் பேரிங்கின் விலையையும் மாற்றும் கூலியையும் கழித்துக்கொண்டு கேட்பார். அத்தொகை அவருக்குரியதே.